ஒன்பது நிபந்தனையும் ஒரே ஒரு கருவும்

வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்காமல் வாங்கத் தெரியாத ஓர் இனம் நம்மிடையே வாழ்கிறது. அது தேங்காயைத் தட்டும், தர்பூசணியைத் தட்டும், போகிறபோக்கில் அடுத்தவர் வீட்டுப் புதுச் சுவரையும் ஒரு தட்டுத் தட்டும். திருப்தி மட்டும் ஒருநாளும் அடையாது.

நெய்வேலி டவுன்ஷிப்பில் மகன் சுதாகரின் குவார்ட்டர்ஸில் வசிக்கும் சக்கரபாணி இந்த இனத்தின் தலைவர். முப்பத்திரண்டு வருஷம் ஆய்வுக்கூடத்தில் பழுப்பு நிலக்கரியை எரித்து, ஈரம் எவ்வளவு, சாம்பல் எவ்வளவு என்று எழுதி, 'ரிஜெக்ட்' என்று முத்திரை குத்திய சுகம் ரிட்டையரான பிறகும் விடாமல், வீட்டில் இட்லியை, செய்தித்தாளை, சம்பந்தியை எல்லாம் ரிஜெக்ட் செய்துகொண்டிருந்தார். அப்படிப்பட்டவர் கையில் மருமகள் பவித்ராவின் கருப் பரிசோதனை ரிப்போர்ட் கிடைத்தால் என்ன ஆகும்?

ஏழு வருஷ ஏக்கம். வயிறெல்லாம் ஊசித் தழும்பு. சோதனைக்குழாய் சிகிச்சையில் உருவான ஐந்து கருக்களில் நான்கிற்குக் குரோமோசோம் கணக்குச் சரியில்லை. ஒன்றே ஒன்று தேறியது. வியாழக்கிழமை அதைக் கருப்பையில் வைப்பதாக ஏற்பாடு.

"ஒண்ணை வச்சிக்கினு எப்படிம்மா செலக்ஷன் பண்றது? இன்னொரு லாட் எடுக்கச் சொல்லு" என்றார் சக்கரபாணி.

இன்னொரு லாட்! பவித்ராவுக்கு அழுகை முட்டியது. பேரப்பிள்ளைக்கு அவரும்தான் ஏங்கினார். ஆனால் கை சும்மா இருக்காதே! ஒன்பது நிபந்தனைகளை எழுதி எடுத்துக்கொண்டு, மகனையும் மருமகளையும் முந்தி, கடலூர் டாக்டரம்மா முன்னால் போய் உட்கார்ந்தார். சுகர் கூடாது. கண்ணாடி கூடாது. தொப்பை, சொத்தைப் பல், பிடிவாதம் கூடாது. வழுக்கை, குறட்டை, முன்கோபம் கூடவே கூடாது. கணக்கில் நூற்றுக்கு நூறு.

"சார், குரோமோசோம் எண்ணிக்கை சரியான்னுதான் இதுல தெரியும். குறட்டையெல்லாம் தெரியாதுங்க."

"அப்ப என்ன டெஸ்ட்டு இது? ரிஜெக்ட் பண்ணுங்க!"

பவித்ரா அந்தக் காகிதத்தைப் பிடுங்கினாள். பேனாவைத் திறந்தாள்.

"மாமா, உங்களுக்கு சுகர்?"

"அது... மாத்திரை போட்டுக்கினுதானே இருக்கேன்."

ஒரு பெருக்கல் குறி. கண்ணாடி மூக்கின் மேலேயே இருந்தது. வழுக்கை என்றதும் டாக்டரம்மா அவர் தலையைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்தார். தொப்பைக்கும் சொத்தைப் பல்லுக்கும் பிடிவாதத்துக்கும் கேட்காமலேயே பெருக்கல் குறி விழுந்தது.

"குறட்டை?"

"அடுத்த பிளாக் வரைக்கும் கேக்குது" என்றான் சுதாகர், அப்பா முன்னால் முதல்முறையாக வாயைத் திறந்து.

"கணக்கு?"

"முப்பத்தாறு" என்று முனகினார் சக்கரபாணி.

"முன்கோபம்?"

"யாருக்கு முன்கோபம்?" என்று மேசையைக் குத்தினார் சக்கரபாணி.

"ஒன்பதுல ஒண்ணுகூடத் தேறலைங்க மாமா. உங்களை நாங்க வச்சிக்கினு இருக்கலையா? எனக்கு இந்த ஒண்ணு போதும். வைங்க டாக்டர்."

வைத்தார்கள். பதினான்காம் நாள், "தங்கிடுச்சிங்க" என்று போன் வந்தது. சக்கரபாணி பையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்கு ஓடி, ஒரு நுனியைக்கூட ஒடிக்காமல் இரண்டு கிலோ வெண்டைக்காயை அள்ளிக்கொண்டு வந்தார். பாதி முற்றல். சிரித்து, அழுது, குடும்பமே அதை மென்று தின்றது.

எல்லாம் சரி, 'முடிவு இன்னும் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கலாம்' என்று உதட்டைப் பிதுக்குகிறீர்களே, உங்களைத்தான் கேட்கிறேன்: இன்று காலை எத்தனை நுனி ஒடித்தீர்கள்?