கழுதை ஆல்பமும் ஒரு விடுதலைக் குரலும்

விதிமுறை தெரியாத ஒருவன் அவமானப்பட்டால் அது அரை நாளில் மறந்துபோகும். விதிமுறை தெரிந்தவன் அவமானப்பட்டால் அதற்குச் சாட்சிகள் இருப்பார்கள், வரவேற்புரை இருக்கும், குழுப் புகைப்படம்கூட இருக்கும். நான் சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். என் அவமானத்துக்கு இவை எல்லாமே இருந்தன. கூடவே பருப்பு வடையும் இருந்தது.

விஷயம் ஒரு ஆங்கில ராக் ஆல்பம் பற்றியது. அதன் பெயர் நீளமானது. எங்களில் ஒருவருக்கும் ஒழுங்காக உச்சரிக்க வராது. அட்டைப்படத்தில் கொட்டும் மழையில் ஒரு கழுதை நிற்கும். ஆகவே மதுரையில் அது கழுதை ஆல்பம். ("கழுதைய மறுபடி கேட்டியா மாப்ள?" என்று இரண்டு பட்டதாரிகள் டவுன் பஸ்ஸில் பேசிக்கொண்டு வந்தால் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து நின்றுகொள்வார். எங்களுக்கு இடம் தாராளமாகக் கிடைத்தது.)

கல்லூரி நாட்களில் அந்த இசைத்தட்டை எவரிடமோ ஒரே ஒரு நாளைக்கு இரவல் வாங்கிவந்தவன் என் வகுப்புத்தோழன் துளசிராம். செல்லூரில் இருந்த தன் வீட்டில் வைத்து கேசட்டில் பதிவுசெய்து, எனக்கொரு பிரதியும் சௌந்தரபாண்டிக்கு ஒரு பிரதியும் கொடுத்தான். அத்தோடு அவன் ராக் இசைக்கு ஆற்றிய தொண்டு முடிந்தது. ஜவுளி வியாபாரம் பார்க்க சூரத்துக்குப் போய்விட்டான். போவதற்கு முன் அவன் தங்கை ருக்மணியை எனக்குக் கட்டிவைத்தது தனிக்கதை.

இரண்டாம் பக்கத்தின் மூன்றாவது பாட்டுதான் எங்கள் வாழ்க்கையைப் பிடித்துக்கொண்டது. ஆரம்பத்திலிருந்தே டிரம்ஸ் சடசடவென்று ஒரே வேகத்தில் ஓடும். பாதிப் பாட்டில் சட்டென்று நிற்கும். கிடார் மட்டும் தனியாக முனகும். அப்போது வெகு தொலைவிலிருந்து ஒரு மனிதக் குரல், அடிவயிற்றிலிருந்து, "...ரீ!" என்று கத்தும். சற்று நேரம் கழித்து டிரம்ஸ் மறுபடி ஓட ஆரம்பிக்கும்.

அது என்ன சொல்?

'ஃப்ரீ' என்பது என் கட்சி. விடுதலை. அடித்து அடித்து அலுத்துப்போன டிரம்மர் குச்சிகளை வீசி எறிந்துவிட்டு வானத்தைப் பார்த்து விடுதலை என்று கதறுகிறார். (உத்தியோகத்தில் நான் பதிவுசெய்த, சொத்துரிமையை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரங்கள் கொஞ்சநஞ்சமல்ல. விடுதலை எப்படி ஒலிக்கும் என்று எனக்குத் தெரியாதா?)

சௌந்தரபாண்டி ஒப்புக்கொள்ளவே இல்லை. அவனுக்கு மேலூர்ப் பக்கம் நஞ்சை, உரக்கடை, கூடவே எல்லாவற்றிலும் அபிப்பிராயம்.

"மாப்ள, அது ட்ரீ. மரம். அட்டையில கழுதை மழையில நனையிது. ஒதுங்க மரம் வேணும்ல? அதத்தான் கத்துறான்."

"ராக் இசைக் கலைஞன் கழுதைக்கு நிழல் தேடியா கத்துவான்?"

"நீ ஆபீஸ்லயே இருந்தவன். மழையில மாட்டக் கட்டிப்போட்டவனுக்குத்தான் தெரியும் அந்தக் கொதிப்பு."

இந்தச் சண்டை எங்கள் இருவருக்கும் தலை நரைத்த பிறகும் ஓயவில்லை. அவன் மகள் கல்யாண வரவேற்பில், மணமக்கள் மேடையில் காத்திருக்க, மொய்க்கவரை நீட்டியபடி நான் "ஃப்ரீ" என்றேன். அவன் கவரை வாங்காமலே "ட்ரீ" என்றான்.

இணையத்தில் கேட்டுத் தொலைத்திருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். அந்தக் குழுவின் உறுப்பினர்களுக்குள் யாருக்கு எந்தப் பாட்டு சொந்தம் என்று தீராத வழக்கு. தீரும்வரை அந்த ஆல்பம் எங்குமே கிடைக்கவில்லை. பாகப்பிரிவினையை முறையாகப் பதிவு செய்துகொள்ளாதவர்களின் கதி இதுதான்.

வழக்கு ஒருவழியாகத் தீர்ந்தது. மூல ஒலிநாடாக்களை எடுத்து, இரைச்சல் நீக்கி, ஒவ்வொரு ஒலியையும் தெளிவாக்கி ரீமாஸ்டர் செய்த இசைத்தட்டு வருகிறது என்று அறிவிப்பு வந்த அன்று சௌந்தரபாண்டி மேலூரிலிருந்து பஸ் ஏறி என் வீட்டுக்கே வந்துவிட்டான்.

"மாப்ள, தீர்ப்பு வருது" என்றான்.

தீர்ப்பென்றால் அதற்கு முறை வேண்டாமா? நானே வரைவு தயாரித்தேன். தோற்றவர் ராக் இசை குறித்து இனி ஆயுள் முழுவதும் அபிப்பிராயம் சொல்லும் உரிமையை வென்றவருக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித்தர வேண்டும். பார்சலைப் பொது இடத்தில், சாட்சிகள் முன்னிலையில்தான் உடைக்க வேண்டும். அதுவரை யாரும் எங்கும் திருட்டுத்தனமாகக் கேட்கக் கூடாது. ருக்மணி இதைப் படித்துவிட்டு, "பென்சன் குடுக்குறவங்க இதையெல்லாம் பாத்தா நிப்பாட்டிருவாங்க" என்றாள்.

இடம், கோரிப்பாளையத்தில் இப்ராஹிம் பாயின் மாடி. பாய் ஆம்ப்ளிஃபயர் கடை வைத்திருப்பவர். மாடியில் அவர் பொருத்தியிருந்த ஸ்பீக்கர்கள் ஆளுயரம். சேதி எப்படியோ பரவி, நகரத்து ராக் ரசிகர்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். கழுதை படம் போட்ட பனியன் அணிந்த கல்லூரிப் பிள்ளைகள், தலைமயிரைப் பின்னால் முடிந்த ஒரு பல் டாக்டர், கீழே கடைக்கு வயர் வாங்கவந்து கூட்டத்தைப் பார்த்து மேலே ஏறிவிட்ட ஒருவர். வடைத் தூக்குடன் ருக்மணி கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அவள் அதுவரை அந்தப் பாட்டைக் கேட்டதே இல்லை. கல்யாணமான புதிதிலேயே, "இந்த இரைச்சல வீட்டுக்குள்ள விடாதீங்க" என்று கட்டளை. அன்றிலிருந்து நான் ஹெட்போனில்தான் கேட்டுவந்தேன்.

நான் வரவேற்புரை ஆற்றினேன். சுருக்கமாகத்தான் பேசினேன். (நடுவில் பல் டாக்டர் ஒரு அவசர நோயாளியைப் பார்த்துவிட்டு வந்துவிட்டார் என்று பின்னால் சௌந்தரபாண்டி கிளப்பிவிட்டது அப்பட்டமான பொய்.) உறையின் முத்திரை சேதமில்லை என்று சாட்சிகளிடம் காட்டினேன். பாய் இசைத்தட்டைக் குழந்தையைத் தொட்டிலில் இடுவதுபோல் வைத்து ஊசியை இறக்கினார்.

மூன்றாவது பாட்டு. கிடார் பிரமாதமாக எழுந்தது. நான் டிரம்ஸுக்காகக் காத்திருந்தேன்.

டிரம்ஸ் வரவில்லை.

கிடாரும் பாடகரும் மட்டும், சுத்தமாக, துலக்கிய பித்தளைச் செம்புபோல. பாதிப் பாட்டு வந்தது. கிடார் முனகியது. மூச்சைப் பிடித்தோம். சௌந்தரபாண்டி என் முழங்கையை இறுக்கிக்கொண்டான். குரல் வரவில்லை. பாட்டு முடிந்தேவிட்டது.

"பாய், மறுபடி வைங்க."

வைத்தார். இல்லை.

அந்த இடத்தில் அறிவுள்ளவன் வடை சாப்பிடப் போயிருப்பான். நான் மைக்கைப் பிடித்தேன்.

"நண்பர்களே, நாம் ஏமாற்றப்பட்டிருக்கிறோம். இரைச்சலை நீக்குகிறோம் என்று சொல்லி ஒரு கலைஞனின் விடுதலைக் குரலையே துடைத்தெடுத்துவிட்டார்கள்! இது குறைபாடுள்ள பொருள். நுகர்வோர் ஆணையத்தில் எப்படி மனுச் செய்வது என்பது எனக்குத் தெரியும். ஒரு பிரதியில் சந்தேகம் வந்தால் மூலத்தோடு ஒப்பிட வேண்டும். அந்த மூலம், நண்பர்களே, நம்மிடம் இருக்கிறது!"

சட்டைப்பையிலிருந்து என் பழைய கேசட்டை எடுத்து உயர்த்திக் காட்டினேன். கைதட்டல் மாடியை அதிரவைத்தது. சௌந்தரபாண்டியே கண்கலங்கி, "போடு மாப்ள, ஒலகம் கேக்கட்டும்" என்றான். ஒரு பிள்ளை எல்லாவற்றையும் செல்போனில் படம்பிடித்துக்கொண்டிருந்தது.

பாய் கேசட்டைச் செருகி ஒலியை முழுதாகத் திறந்துவிட்டார். சடசடவென்று டிரம்ஸ். "கேளுங்கள், இந்தக் கைவேகத்தை!" என்றேன். டிரம்ஸ் நின்றது. கிடார் முனகியது. ஆளுயர ஸ்பீக்கர்களில் அந்தக் குரல் முதல் தடவையாக முழு உருவத்தோடு வந்தது. அதற்கு முன்னால் ஏதோ ஒரு சொல்லும் இருந்தது. நான் அதைக் கிடாரின் உறுமல் என்றே நம்பியிருந்தேன்.

கடைசி வரிசையில் வடைத் தூக்கின் மூடி விழுந்து உருண்டது.

"ஏங்க," என்றாள் ருக்மணி, "அது எங்கப்பால்ல?"

மைக் என் கையில் இருந்தது. அதிலேயே கேட்டேன்.

"என்னம்மா சொல்றே?"

"எங்க வீட்டுத் தறிங்க. முன்கட்டுல ஓடிக்கிட்டே இருக்கும்ல? சடசடன்னு. அப்பா தறிய நிப்பாட்டிட்டு எதிர்க்கடைக்குச் சத்தம் குடுக்குறாரு. 'ரெண்டு டீ!' அம்புட்டுத்தான்."

சிரிப்பு எந்த மூலையிலிருந்து தொடங்கியது என்று தெரியவில்லை. பல் டாக்டர் நாற்காலியோடு சரிந்தார். வயர் வாங்கவந்தவர், "நான் மொதல்லயே நெனச்சேன்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். நெசவுக்காரச் சமூகத்தில் பிறந்து, தறிச் சத்தத்தை டிரம்ஸ் என்று நம்பி, அந்தத் தறிக்குச் சொந்தக்காரர் வீட்டிலேயே பெண்ணெடுத்தவன் என்னைத் தவிர இருக்க முடியாது. எங்கள் வீட்டு மொழி சௌராஷ்டிரம். மாமனார் என்னிடம் அதில்தான், அதுவும் மாப்பிள்ளை என்ற மரியாதைக்காகத் தணிந்த குரலில்தான் பேசுவார். அவர் தமிழில் கத்தி நான் கேட்டதே இல்லை. (கேட்டிருக்கிறேன். தினமும். ஹெட்போனில்.)

பாய் என் செல்போனிலிருந்து சூரத்துக்குப் போட்டு, விஷயத்தைச் சொல்லி ஸ்பீக்கரில் வைத்தார். துளசிராம் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"ஆமா மச்சான், ரெக்கார்ட் பிளேயர் முன்னாடி டேப்ரிக்கார்டர வெச்சு அமுக்கிவிட்டுட்டுக் குளிக்கப் போயிட்டேன். வயர் ஏது அப்ப எங்கிட்ட? ஏன், நல்லாத்தானே வந்துச்சு?"

மறுபடியும் சிரிப்பு. அதில் ருக்மணி மட்டும் சேரவில்லை என்பதை அப்போதுதான் பார்த்தேன். முன்னால் வந்து ஸ்பீக்கர் அருகே நின்றாள்.

"இன்னொரு தடவ போடுங்க பாய்."

போட்டார். மாமனார் இறந்தது செல்போன் வராத காலத்தில். வீட்டில் அவருடைய புகைப்படம் ஒன்று உண்டு. குரல் எங்கேயும் இல்லை. தறி நின்றது. "ரெண்டு டீ!" போனுக்குள் துளசிராம் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது.

"இதையா இத்தன வருசமா தனியா கேட்டுக்கிட்டிருந்தீங்க?" என்று என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு எங்கள் மொழியில் ஒன்று சொன்னாள். அதை அச்சில் போட முடியாது. ஆனால் பாதியில் சிரித்துவிட்டாள்.

சௌந்தரபாண்டி குறுக்கே வந்தான். "தங்கச்சி, ஒரு நிமிசம். டீயில 'ட' இருக்கா இல்லையா? ட்ரீயிலயும் 'ட' இருக்கு. அப்ப முக்கால்வாசி நான்தான ஜெயிச்சேன்?"

"தொலைவிலிருந்து கேட்டால் ஒலிப்பில்..." என்று நான் தொடங்கினேன்.

"ரெண்டு பேரும் எழுதிக் குடுங்க" என்றாள்.

"யாருக்கு?"

"எனக்கு. எங்கப்பா கொரலு. உரிமை எனக்குத்தான?"

சட்டப்படி அவள் சொன்னது சரி. வாரிசு அவளும் அவள் அண்ணனும்தான். துளசிராமும் போனிலேயே தன் பங்கை விட்டுக்கொடுத்தான். நானும் சௌந்தரபாண்டியும் சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்துப் போட்டோம். மதுரையில் ராக் இசை குறித்து அபிப்பிராயம் சொல்ல அதிகாரம் பெற்ற ஒரே நபர் அன்றுமுதல் என் மனைவி. அவள் தன் முதல் தீர்ப்பை அங்கேயே வழங்கினாள்.

"அந்தப் புதுத் தட்டு சரியில்ல. எங்கப்பா இல்ல அதுல."

பனியன் பிள்ளைகள் எழுந்துநின்று கைதட்டினார்கள். லண்டனில் எத்தனை நிபுணர்கள் உட்கார்ந்து சுத்தம்செய்த தட்டோ அது. கோரிப்பாளையத்து மாடியில் ஒருமனதாகத் தள்ளுபடியானது. பழைய கேசட்டுக்குப் பிரதி கேட்டு பாயிடம் வரிசை நின்றது. இன்றைக்கு நகரத்தில் கழுதை ஆல்பம் என்றால் அது செல்லூர்ப் பதிப்புதான். தறி இல்லாத பதிப்பைக் கேட்பவர்களை அந்தப் பிள்ளைகள் சற்று இரக்கத்தோடு பார்க்கிறார்கள்.

மாமனாரின் திதியன்று இப்போது படையலுக்குப் பிறகு மூன்றாவது பாட்டு வைக்கிறோம். முதல் வருடம் சாஸ்திரிகள் கையில் எள்ளோடு விழித்தார்; காக்கைகள் அடுத்த தெருவுக்கே போய்விட்டன. இப்போது இரு தரப்புக்கும் பழகிவிட்டது. தறி நிற்கும் இடம் வந்ததும் மொத்தக் குடும்பமும் மாமனாரோடு சேர்ந்து "ரெண்டு டீ!" என்று கத்தும். சூரத்திலிருந்து வந்திருந்தால் துளசிராமின் குரல்தான் எல்லோருக்கும் மேலே கேட்கும்.

போன மாதம் என் பேத்தியின் பள்ளியிலிருந்து ஆசிரியை போன் செய்தார். "சார், உங்க பேத்தி கிளாஸ்ல ஒன்னு சொன்னா. அவ கொள்ளுத்தாத்தா இங்கிலீஷ் ராக் பேண்டுல பாடியிருக்காராம். பசங்க நம்ப மாட்டேங்கிறாங்க, அழுகுறா. நெஜமா சார்?"

கொஞ்சம் யோசித்தேன். உத்தியோகப் பழக்கம் விடுமா?

"பதிவு இருக்கிறது அம்மா" என்றேன். "பதிவானதை மறுக்க எனக்கு அதிகாரம் கிடையாது."