கேஸ்போச்சு காவல் காத்த ஊசி

அன்று மதியம் வெள்ளானூரில் கட்டி முடியும் தறுவாயில் இருந்த அந்த வீட்டு மொட்டை மாடியில் மொத்தம் நாலு பேர் இருந்தோம். பெயின்டர் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் தாஸ். அவருக்குச் சாப்பாடு கொண்டுபோன நான். கைப்பிடிச் சுவர் பூசிக்கொண்டிருந்த கொத்தனார் மாரி அண்ணன். அப்புறம், யாரும் கூப்பிடாமலே வந்து நின்ற கேஸ்போச்சு. குளவிகளை நான் எண்ணவில்லை.

அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும் கேஸ்போச்சு மாதிரி ஒரு ஃபிரிட்ஜ் மெக்கானிக் கிடைக்க மாட்டார். ஊரிலுள்ள ஃபிரிட்ஜுக்கெல்லாம் உயிர் கொடுத்த மனிதர், தன் வீட்டுக்குள் ஒரு ஃபிரிட்ஜைக்கூட விட்டதில்லை. கேட்டால், "அதுங்க யோக்யதை எனக்குத் தெரியும்மா. கதவைச் சாத்தினப்புறம் உள்ளாற இன்னா பண்ணுதுன்னு யாரு கண்டா?" என்பார்.

அவருடைய சொந்தப் பெயர் எங்கள் முத்தாபுதுப்பேட்டைத் தெருவில் யாருக்கும் தெரியாது. எந்த வீட்டில் எந்த மிஷின் நின்றாலும் பின்பக்கம் காதை வைத்துக் கேட்பார். உதட்டைப் பிதுக்குவார். "கேஸ் போச்சு" என்பார். ஃபிரிட்ஜுக்குச் சொன்னால் சரி. மிக்ஸிக்கும் அதையேதான் சொன்னார். கீழ் போர்ஷன் ஸ்டெல்லா அக்காவின் மாமனார் இறந்தபோது, எல்லாரும் முகத்தைப் பார்த்து அழுதுகொண்டிருக்க, இவர் மட்டும் ஐஸ் பெட்டியின் பின்னால் குனிந்தார். நிமிர்ந்து வாயைத் திறப்பதற்குள் ஸ்டெல்லா அக்கா கத்திவிட்டாள்.

"யோவ், சொல்லாதய்யா! அடக்கத்துக்கு இன்னும் மூணு ஹவர் கீது!"

இப்படிப்பட்ட மனிதர் எங்கள் வீட்டு ஊசிக்குக் காவலாளி ஆன கதைக்கு வருகிறேன்.

போன வருஷம் தாஸை ஒரே ஒரு குளவி கொட்டியது. பத்து நிமிஷத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு விசில் அடித்தது. ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தோம் என்று இன்றைக்கும் எனக்குக் கோவையாகச் சொல்லத் தெரியாது. பிழைத்தார். "குளவி விஷம் இவருக்கு ஆகாது. அடுத்த தடவை இதைவிட மோசமாகலாம்" என்று சொன்ன டாக்டர், பேனா மாதிரி ஒரு ஊசியை வரவழைத்துக் கொடுத்தார். மூடியை எடுத்து, தொடையின் வெளிப்பக்கம் வைத்து அழுத்தி, பத்து எண்ணும் வரை பிடிக்க வேண்டும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

அதோடு விட்டிருந்தால் நான் தூங்கியிருப்பேன். "இருபத்தஞ்சு டிகிரிக்குள்ள வைங்கம்மா. முப்பதைத் தாண்ட விடாதீங்க. வெயில்ல வைக்காதீங்க. ஃபிரிட்ஜ்லயும் வைக்காதீங்க. எப்பவும் அவர் பக்கத்துலயே இருக்கணும்" என்றும் சொல்லிவிட்டார்.

நான் எட்டாவதோடு நின்றவள். படிப்புதான் நின்றது, பயம் நிற்காமல் மேல்படிப்புக்குப் போய்விட்டது. ஆவடிப் பக்கம் மே மாதத்தில் இருபத்தைந்து டிகிரிக்கு எங்கே போவேன்? நகைக்கடை ஒன்றுதான். தினமும் ஊசியோடு போய் நகைக்கடை சோபாவில் உட்கார்ந்தால் எத்தனை நாளைக்குக் கூல்டிரிங்க்ஸ் கொடுப்பார்கள்?

முதலில் அரிசி டிரம்முக்குள் புதைத்தேன். வண்டு ஓட்டை போட்டுவிடுமோ என்று ராத்திரியில் எழுந்து எழுந்து பார்த்தேன். கத்திரி வெயில் ஆரம்பித்து, சுவரைத் தொட்டால் தோசைக்கல் மாதிரி சுட்டபோது எனக்குப் புத்தி பேதலித்தது. டாக்டர் பேச்சை மீறி, ஊசியை ஃபிரிட்ஜில், அதுவும் ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். சூடு ஆகாது என்றால் குளிர் நல்லதுதானே என்று என் கணக்கு.

ஒரு வாரத்தில் ஃபிரிட்ஜ் மக்கர் பண்ணியது. கேஸ்போச்சு வந்தார், கதவைத் திறந்தார், உள்ளே தலையை விட்டார்.

"இன்னாமா இது, ஐஸோட ஒட்டிக்கினு கீது?"

சொன்னேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அட்டைப் பெட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உறைய வைக்காதேன்னு படமே போட்டுகீறான். உறைஞ்ச மருந்து பாக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கும்" என்று தொடங்கியவர் பழக்க தோஷத்தில், "கேஸ் போச்சு" என்று முடித்தார்.

நான் தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தேன்.

இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தைக்குச் சண்டை போட்டவர்கள் உண்டு, பேரம் பேசியவர்கள் உண்டு. அழுதவள் நான்தான் முதல் ஆள் போலிருக்கிறது. மனிதர் ஆடிப்போனார். "அழாதம்மா. டாக்டராண்ட உண்மையைச் சொல்லி வேற ஊசி வாங்கு. வெக்கற எடத்தை நான் பாத்துக்கறேன்" என்றார்.

புது ஊசி வந்த அன்றே இரண்டு மண்பானைகளோடு வந்து நின்றார். பெரிய பானைக்குள் சின்னப் பானை, நடுவில் ஈர மணல், மேலே ஈரச் சாக்கு. சின்னப் பானைக்குள் தண்ணீர் படாத டப்பாவில் ஊசி. கூடவே, எந்த ஃபிரிட்ஜிலிருந்து கழற்றினாரோ, ஒரு தெர்மாமீட்டர். காற்றோட்டமான நிழலில் அதை வைத்துவிட்டு, தினமும் மதியம் வந்து படித்துச் சுவரில் சாக்பீஸால் எழுதிவிட்டுப் போனார். வெளியே முப்பத்தெட்டு, உள்ளே இருபத்தெட்டு. இருபத்தொன்பது ஆன நாளில் டீகூடக் குடிக்காமல் போனார்.

"இன்னாடி, பானைக்கு டெய்லி பூசை வெக்கறாரா உங்க ஃபாதரு?" என்று கேஸ்போச்சுவைச் சர்ச் பாதிரியார் ஆக்கி ஸ்டெல்லா அக்கா கீழேயிருந்து கேட்டாள்.

வேலைக்கு எடுத்துப் போக வாய் அகன்ற ஃபிளாஸ்க் ஒன்று வந்தது. "ஐஸ் போடாதே. போட்டா பழைய கதைதான்" என்று கட்டளை. தாஸுக்குத்தான் மானம் போயிற்று.

"இன்னா நைனா, நான் பெயின்ட் அடிக்கப் போறேனா, பால் கறக்கப் போறேனா?"

"கறப்பியோ குடிப்பியோ, அது உன் பக்கத்துல இருக்கணும். அவ்ளோதான்."

பக்கத்தில் இருக்கவில்லை. தாஸ் அதை ஸ்கூட்டர் டிக்கியில் போட்டு, ஸ்கூட்டரை உச்சி வெயிலில் நிறுத்திவிட்டு மாடி ஏறிவிடுவார். இது கேஸ்போச்சு காதுக்கு எப்படிப் போனதோ தெரியாது. தாஸ் வேலை செய்யும் இடங்களுக்குத் தெர்மாமீட்டரோடு சைக்கிளில் வந்து சோதனை போட ஆரம்பித்துவிட்டார்.

அன்றைக்கும் அப்படித்தான் வந்தார். நான் சாப்பாட்டோடு மாடி ஏறி நின்றபோது, கையில் ஃபிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கப் பின்னாலேயே வந்தார்.

"தாஸு! டிக்கியாடா அது? இட்லிப் பானைடா! நாப்பத்தேழு காட்டுது. ஃபிளாஸ்க் மட்டும் இல்லேன்னா..."

"எறங்கு நைனா, வெயில்ல மயக்கமாயிடப் போற" என்று சிரித்துக்கொண்டே தாஸ் பெயின்ட் உருளையை நீட்டினார். அது தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே முட்டியது. அங்கே இருந்த குளவிக் கூட்டை யாரும் பார்த்திருக்கவில்லை.

கழுத்தில் இரண்டு, காதில் ஒன்று. மாரி அண்ணன் சாக்கை வீசி விரட்டி, தாஸைப் படிக்கட்டு அறைக்குள் இழுத்துப்போய், நாங்களும் நுழைந்ததும் கதவைச் சாத்தினார். அதற்குள் தாஸின் கண் சிவந்துவிட்டது. "தொண்டை..." என்றார். அந்த விசில் சத்தம். போன வருஷம் கேட்ட அதே சத்தம்.

"படுக்க வையிங்க! ஆம்புலன்சுக்கு அடிங்க!" என்று கத்தினேன். மாரி அண்ணன் போனை எடுத்தார். கேஸ்போச்சு ஃபிளாஸ்க்கைத் திறந்தார். ஊசியின் சின்ன ஜன்னலை வெளிச்சத்தில் பார்த்தார். மருந்து கலங்காமல் தண்ணீர் மாதிரி இருந்தது.

"எனக்கு டிகிரி மட்டும்தான்மா தெரியும். குத்தத் தெரியாது" என்று என்னிடம் நீட்டினார்.

"இது வேலை செய்யுமா அண்ணே?"

அவர் வாய் தானாகத் திறந்தது. என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். கைக்குட்டையை எடுத்துத் தன் வாயிலேயே அடைத்துக்கொண்டார்.

மூடியை எடுத்தேன். பெயின்ட் காய்ந்த பேன்டுக்கு மேலேயே தொடையில் வைத்து அழுத்தினேன். டக் என்றது. எனக்குப் பத்து வரைக்கும் எண்ணத் தெரியும் என்பதுகூட அப்போது சந்தேகமாக இருந்தது. ஏழு இரண்டு தடவை வந்தது. எடுத்துவிட்டு, குத்திய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எத்தனை நிமிஷம் என்று தெரியாது. விசில் மெல்லத் தேய்ந்தது. தாஸ் ஒரு முழு மூச்சு இழுத்தார். அடுத்தது. அதற்கடுத்தது. ஆம்புலன்ஸ் வந்தபோது கண்ணைத் திறந்து, "சாப்பாடு இன்னா?" என்றார். நான் அவரை அடித்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் ராத்திரி முழுக்க வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். டாக்டர் வெளியே வந்ததும் கேஸ்போச்சு முந்திக்கொண்டு, "மருந்து நல்லா இருந்துச்சா டாக்டர்?" என்றார். "நல்லா இருந்ததாலதான் அவர் இருக்கார்" என்றார் டாக்டர். கேஸ்போச்சு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

அதற்கப்புறம் தாஸ் ஃபிளாஸ்க்கை இடுப்பை விட்டு இறக்குவதில்லை. நான் நிம்மதியாகிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். போன வாரம் மாரி அண்ணன் ஒரு சேதி சொன்னார். தாஸ் புது இடத்தில் வேலை தொடங்கும் நாளில், விடிந்ததும் கேஸ்போச்சு அங்கே போய்விடுகிறாராம். சன்ஷேடுக்கு அடியில், தொட்டிக்கு அடியில் என்று ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்து, கூடு இருந்தால், "அந்தாண்ட தாஸை உடாதே" என்று தன்னிடம் சொல்லிவிட்டு வருகிறாராம். எங்களிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வேறு.

கேஸ்போச்சுவின் உடம்புக்குக் குளவி ஆகுமா, ஆகாதா என்று எந்த டாக்டரும் பார்த்ததில்லை. அந்த நாட்களில், அவர் சைக்கிள் தெருமுனையில் திரும்பும் வரைக்கும் நான் அடுப்புப் பற்றவைப்பதில்லை.