நெற்றி வீக்கத்துக்குச் சின்னத் துவக்கே காரணம்

அன்புவழிபுரம்,
திருகோணமலை.

பேரன்புக்குரிய இரத்தினசிங்கம் மாமா அவர்களுக்கு,

உங்கள் வருங்கால மருமகன் பிரகலாதன் பணிவுடன் எழுதுவது. அம்மன் அருளால் நீங்களும் மாமியும் சுகமாக இருப்பீர்கள். நானும் சுகம்தான், நெற்றியைத் தவிர.

அந்த நெற்றியைப் பற்றித்தான் எழுதுகிறேன். அதில் எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு வீக்கம். உங்கள் மகள் கீர்த்தனிதான் அடித்துவிட்டார் என்று அம்மா ஒரே பிடியாக நிற்கிறார். "கலியாணத்துக்கு முன்னமே கை நீட்டுற பிள்ளை வேண்டாம், நாளைத் தள்ளிப் போடுவம்" என்கிறார். அம்மா தள்ளிப் போட்ட எந்தக் காரியமும் பிறகு நடந்ததாகச் சரித்திரம் இல்லை, மாமா. எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் உடனே வந்து, குற்றவாளி கீர்த்தனி இல்லை, நான் சுட்ட துவக்குத்தான் என்று அம்மாவுக்கு விளங்கப்படுத்த வேண்டும்.

நடந்தது இதுதான். கீர்த்தனி பிஸ்டல் போட்டிக்குப் பழகும் கழகம் துறைமுகப் பக்கம் இருக்கிறதல்லவா? "ஒருக்கா வந்து பாருங்கோவன்" என்று கூப்பிட்டதால் போனேன். அங்கே பழக்குகிற றிஸ்வி மாஸ்டர், கிண்ணியாக்காரர், மேசையில் இரண்டு பிஸ்டல்களை வைத்தார். இரண்டுக்கும் போடுவது ஒரே அளவு ரவைதான். ஒன்று முழு இரும்பு, அம்மிக்குழவிப் பாரம். மற்றது காற்சட்டைப் பையில் அடங்கும். சின்னது மெல்லத்தானே உதைக்கும்? "பாரமானதை நீங்கள் எடுங்கோ, உங்களுக்குப் பழக்கம்தானே" என்று பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தேன். கீர்த்தனி வெடி வைத்தார். இரும்புப் பிஸ்டல் இலேசாகத் தலையாட்டியதோடு சரி. நான் வைத்தேன், சின்னது துள்ளிய துள்ளலில் உள்ளங்கை எரிந்தது. மாஸ்டர் சிரித்தார். "தம்பி, தோணியில நிண்டு கரைக்குப் பாய்ஞ்சா தோணி பின்னுக்கு ஓடும். கப்பல்ல நிண்டு பாய்ஞ்சா கப்பல் ஓடுமா? பாரம் குறைஞ்சா உதை கூடும். குழல் கைக்கு மேல உசர இருந்தா துவக்கு மூக்கைத் தூக்கும், பதிவா இருந்தா நேர பின்னால தள்ளும். பிடி ஒடுக்கமெண்டா உதை முழுக்க ஒரே இடத்தில குத்தும், அகலமெண்டா உள்ளங்கை பங்கு போட்டு எடுக்கும்" என்றார். "போதுமோ?" என்று கீர்த்தனி கேட்டார். ஓம் என்றிருக்கலாம். கட்டப்போகிறவர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது எந்த ஆம்பிளை ஓம் என்பான்? மாஸ்டர் பிஸ்டலை வாங்கி, ஏதோ செய்து, திருப்பித் தந்தார். காதுக்கு மூடி போட்டிருந்தேன், போதாததற்குக் கண்ணையும் மூடினேன். விசையை இழுத்ததுதான் தாமதம், பிஸ்டல் கிளம்பி வந்து நெற்றியில் டொங் என்று போட்டது.

ஆகவே பாரக் குறைவு, உயரக் குழல், ஒடுங்கிய பிடி, எல்லாம் அந்தத் துவக்கைச் செய்தவனின் பிழை. என் தைரியத்தில் ஒரு குறையும் இல்லை.

மாமிக்கு என் வணக்கம். மச்சாள் சிவாஜினிக்கு அன்பு. சிரித்தது போதுமென்று சொல்லவும்.

என்றும் உங்கள் பணிவுள்ள,
பிரகலாதன்

பி.கு.: விஞ்ஞானம் சரியோ என்று பார்க்க, வீட்டுக்கு வந்த கீர்த்தனியிடம் இதைக் காட்டினேன். அவர் குசினியில் அம்மாவுக்கு முன்னாலேயே வாசித்துவிட்டு, "ரெண்டாந்தரம் அதுக்குள்ள ரவையே இல்லையே! உதைக்குமெண்டு பயந்து முந்தியே துள்ளுற ஆக்களைக் கண்டுபிடிக்க மாஸ்டர் மருந்தில்லாத வெறுங்கோதைப் போட்டுத் தாறவர். அது அசையவேயில்லை, நீங்கள்தான் தூக்கி அடிச்சனீங்கள்" என்றார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டுக் குந்தியிருந்து சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெடிக்காத துவக்குக்கே தன்ட மண்டையை உடைக்கிறவனை என்னால இனிப் பார்க்க ஏலாது. கெதியா உன்னட்ட ஒப்படைக்க வேணும், பிள்ளை" என்றார். நீங்கள் விளங்கப்படுத்த வரத் தேவையில்லை, மாமா. இன்னும் கிட்டடியில் ஒரு நாள் கேட்க அம்மா ஐயரிடம் போய்விட்டார்.