ஒரு நாள் நொட்டை சொல்லாமல் இருந்தன்

போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை ஒண்டே ஒண்டுதான். சரவணையிலயிருந்து புங்குடுதீவுக்குப் போய், மகளுக்குப் பேசின மாப்பிள்ளை வீட்டில தேத்தண்ணி குடிச்சிட்டு, நொட்டை சொல்லாமல் திரும்பி வாறது.

நொட்டை தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன். சோத்துக்குள்ள கல்லுக் கிடந்தால் சொல்லுறது குறை. சோறு திறம், ஆனால் பீங்கானில இருக்கிற பூ தலைகீழாக் கிடக்கு எண்டுறது நொட்டை. எனக்கு ரெண்டாவதுதான் கைவந்த கலை.

முதல் வந்த சம்பந்தம், வடையின்ர ஓட்டை நடுவில இல்லையெண்டு நான் சொன்னதோட முறிஞ்சது. அதுக்கு மகள் அழேல்லை. ஆனால் இது அவள் தானே விரும்பின பெடியன்.

"அப்பா, இண்டைக்கு மட்டும் வாயைத் திறக்காதேங்கோ," எண்டு வாசல் படலையடியில கண் கலங்கி நிண்டாள். எனக்கே ஒரு மாதிரிப் போச்சு.

என்ர மனுசிக்குக் கண்ணொண்டும் கலங்கேல்லை. "திறந்தால் உங்களைப் புங்குடுதீவுப் பாலத்திலயே இறக்கி விட்டிட்டு வருவன்!"

அங்க நல்ல வரவேற்பு. மாப்பிள்ளையின்ர தாய் எனக்குத்தான் முதல் தேத்தண்ணி தந்தா. ஒரு மிடறு குடிச்சன்.

ஐயோ! உவர்!

எங்கட தீவுப் பக்கத்தில குசினிக்குள்ள ரெண்டு தண்ணி இருக்கும். பவுசர் லொறியில வாற நல்ல தண்ணி குடிக்க. கிணத்து உவர்த் தண்ணி கழுவ. ஆக்கள் வந்த பதட்டத்தில அந்த அக்கா வாளி மாறி அள்ளிப்போட்டா.

"எப்பிடி அண்ணை தேத்தண்ணி?"

மனுசி என்னைப் பாத்தா.

"சோக்கு!" எண்டன்.

"அப்ப இன்னொரு கோப்பை?"

"ஓம்... தாங்கோ."

அதையும் குடிச்சன். கண்ணால தண்ணி வந்திட்டுது. அதுவும் உவர்தான்.

அப்பத்தான் மாப்பிள்ளையின்ர தேப்பன் தன்ர கோப்பையை எடுத்தார். ஒரு வாய் வைச்சார். அப்பிடியே ஓடிப்போய் முற்றத்தில துப்பினார்.

"இது கடல் தண்ணியெல்லோ! நீங்கள் ரெண்டு கோப்பை குடிச்சனீங்கள்! சோக்கெண்டும் சொன்னனீங்கள்!"

நான் கோப்பையைக் கீழ வைச்சன்.

அவர் கதிரையைக் கிட்ட இழுத்தார். "இதுக்கே இப்பிடிச் சொல்லுற ஆள், உங்கட பிள்ளையைப் பற்றி நல்லதாச் சொன்னதை நான் எப்பிடி நம்புறது?"

நொட்டை சொல்லிச் சம்பந்தம் முறிச்சதும் நான்தான், சொல்லாமல் முறிக்கப்போறதும் நான்தான்!

மனுசி துள்ளி எழும்பினா. "அண்ணை, இவர் சரவணையிலயே பெரிய நொட்டைக்காரர்! நான்தான் வாயைக் கட்டிக் கூட்டிக்கொண்டு வந்தனான்!"

"சும்மா சொல்லாதேங்கோ. அப்ப ஒரு நொட்டை சொல்லட்டும், பாப்பம்."

மனுசி தலையாட்டினா. விட்டதுதான் தாமதம்! கலண்டர் இன்னும் போன மாசத்தில நிக்குது. மணிக்கூடு சரிஞ்சு கிடக்கு. இந்தக் கதிரைக்கு ஒரு கால் கட்டை. படலை கீச்சிடுது. பக்கத்தில நிக்கிற மாப்பிள்ளையின்ர சேட்டில பூட்டின தெறியில ஒண்டு வேற நிறம்!

மனுசி கண்ணை மூடிக்கொண்டு இருந்தா.

தேப்பன் எழும்பி, மகன்ர சேட்டைக் கிட்டப் போய்ப் பாத்தார்.

"இதைத்தான் நானும் காலமை சொன்னனான்! இந்த வீட்டில ஆர் கேக்கினம்?" எண்டார். பிறகு என்னை மேலும் கீழும் பாத்தார். "அதுசரி, உங்கட வேட்டி ஒரு பக்கம் ஏறிக் கிடக்கு."

வாற தையில கலியாணம்.

மகளுக்குப் பொருத்தம் பாக்கப் போன இடத்தில, பத்துக்குப் பத்தும் பொருந்தினது எனக்கும் சம்பந்திக்கும்தான்.