பாறையிலிருந்து வந்த மாப்பிள்ளை

பிள்ளைகளே, உங்கள் அப்பாவுக்கு மெதுவாகப் பேச வராது. பிறவிக் குணம் இல்லை. உத்தியோகம் கொடுத்த சொத்து.

எழுபதுகளில் எனக்குக் கலங்கரை விளக்கத்தில் வேலை. கரையில் நிற்கிற விளக்கு இல்லை. கடலுக்குள்ளே, பாதி தெரிந்தும் பாதி ஒளிந்தும் கிடக்கிற பாறைகளின் மேல். கப்பல்கள் தெரியாமல் வந்து மோதிவிடக் கூடாதே என்று கட்டியது. நாங்கள் மூன்று பேர். சுற்றிலும் அலை இரைச்சல், கீழே ஜெனரேட்டர் இரைச்சல். "உப்பு எங்கே?" என்பதைக்கூட, கப்பல் கவிழ்ந்த மாதிரி கத்தித்தான் கேட்போம்.

லீவில் தென்காசிக்கு வந்தபோது மேலகரத்தில் பெண் பார்க்கப் போனோம். "பாறையில குடியிருக்கவனுக்கா பொண்ணு?" என்று ஏற்கெனவே இரண்டு வீட்டில் கைவிரித்திருந்தார்கள். இதுவும் போனால் நான் விளக்கோடுதான் குடித்தனம் நடத்த வேண்டும். அதனால் அப்பா வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

"ஏலே, பிடிச்சாலும் வாயத் தெறக்காத. 'ஊருக்குப் போயி லெட்டர் போடுதோம்'னு நான் சொல்லுவேன். அதுதான் மரியாத."

(தென்காசிக்கும் மேலகரத்துக்கும் நடந்தே போய்விடலாம். ஆனாலும் லெட்டர்தான்!)

பெண் காபி கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அம்மா என் பக்கம் குனிந்து, "பிடிச்சிருக்காலே?" என்றாள். நானும் அவள் காதில் ரகசியமாகத்தான் சொன்னேன்.

"ரொம்பப் பிடிச்சிருக்கும்மா! இன்னைக்கே முடிச்சிருங்க!"

எதிர்வீட்டு மாடு மிரண்டு எழுந்தது. அப்பா தலையில் கைவைத்துக்கொண்டார். பெண்ணின் அப்பா முகம் மாறிவிட்டது.

"அண்ணாச்சி, மாப்பிள்ளைக்குக் காது கேக்காதோ? மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா?"

கேட்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா தொடையைக் கிள்ளினாள். மூன்றாவது வீடும் என் கண்ணெதிரே மூழ்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் அடுக்களையில் பெண் தன் தங்கையிடம் முணுமுணுத்தது கூடம்வரை லேசாகக் கேட்டது: "செவிடா இருந்தா என்னட்டி? மூக்கு நல்லாத்தான இருக்கு."

என் கை தானாகப் போய் மூக்கைத் தடவியது. பெண்ணின் அப்பா அதைப் பார்த்துவிட்டார்.

"கேக்குதுய்யா! நல்லாவே கேக்குது!" என்று என்னைவிடச் சத்தமாகக் கத்தினார்.

அப்படி மூக்கைப் பார்த்து முடிவு செய்தவள்தான் உங்கள் அம்மா. லெட்டருக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

எண்பதுகளில் உங்கள் சித்தியைப் பெண் பார்க்க வந்த அன்று, மாமனார் காலையிலேயே என் கையில் துண்டைக் கொடுத்தார்.

"மாப்பிள்ள, குத்தாலத்துல தண்ணி நல்லா விழுது. அருவிக்கு அடியில நின்னு என்ன வேணும்னாலும் பேசுங்க. அவுக கெளம்புனப்புறம் ஆள் அனுப்புதோம்."

அந்த வரனும் அமைந்துவிட்டது. அன்றிலிருந்து நம் குடும்பத்தில் யாரைப் பெண் பார்க்க வந்தாலும், முதலில் என் துண்டைத்தான் தேடுகிறார்கள்.