மலைமேல் இருக்கும் மருமகளுக்கு, நீ காலமான செய்தி

கானா தேசமே கண்ணீர் விட்டுக் கேட்கும் நற்செய்திப் பாடகியும் என் அன்பு மருமகளுமான அஃப்ரகோமாவுக்கு, மாம்பொங்கிலிருந்து உன் தாய்மாமன் பாஃபோ எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே யாவரும் நலம். நீ இறந்துபோன செய்திதான் நெஞ்சைப் பிசைகிறது.

பதறாதே. தப்பு என்னுடையதல்ல, அச்சகத்துக்காரன் ந்யார்கோவுடையது. நம் குடும்பத் தலைவர் கியாபா பெரியவருக்கு வரும் சனிக்கிழமை அடக்கம் அல்லவா? இரங்கல் சுவரொட்டியில் இறந்தவர் படம் நடுவிலே பெரிதாகவும், பாட வருகிறவர் படம் கீழே சிறிதாகவும் இருப்பதுதான் வழக்கம். ஆனால் பெரியவருக்கு இருந்த ஒரே படத்தில் அவர் தும்முகிறார். ஆறாம் வகுப்புவரை படித்தவனுக்கு அழகுணர்ச்சி இருக்காதா? "எம் மருமகள நடுவுல பெருசாப் போடு, பெரியவரக் கீழ மூலையில வையி"ன்னேன். போட்டான். உன் தலைக்கு மேலே 'மகிமைக்குள் அழைக்கப்பட்டார்' என்றும் சேர்த்துப் போட்டான்.

விடிந்ததும் சந்தையே கறுப்புத் துணி கட்டிவிட்டது. கென்கே என்ற சோள உருண்டை விற்கும் அட்டா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"சின்ன வயசாச்சே, எப்பிடிண்ணே போச்சு?"

"அவ போகலம்மா. போனது கியாபா பெரியவரு."

"அவருதான பாடப்போறாரு? கீழ படம் போட்டிருக்கே. அந்தக் கட்டத் தொண்டையில என்னத்தப் பாடுவாரு?"

"அவரு பிணவறையில இருக்காரும்மா."

"அங்கயா ஒத்திகை?"

உன்னிடமே பேசலாமென்றால், நீ மலைமேல் உபவாச ஜெபத்தில் இருக்கிறாய், அங்கே கைபேசிக்கு அனுமதி இல்லை. உன் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். "எங்கண்ணன் ஒருத்தி உயிரோட இருக்கான்னு சொன்னா, அவ போயே போயிட்டா"ன்னு இன்னும் சத்தமா அழுறா. அதனால்தான் மோட்டார்சைக்கிள்காரனிடம் இந்தக் கடிதம்.

உள்ளூர் வானொலிக்கு மறுப்புச் சொல்லத்தான் போனேன், சத்தியமாக. ஆனா மைக்கக் கையில குடுத்து "அவங்க வாழ்க்கையப் பத்திச் சொல்லுங்க மாமா"ன்னு கேட்டுட்டாங்க. கேட்டபிறகு சும்மா இருக்க முடியுமா? நீ பிறந்தபோது அழாமல் அல்லேலூயா சொன்னதையும், அதைக் கேட்ட மருத்துவச்சி அன்றே ஞானஸ்நானம் எடுத்ததையும், ஆலயப் பாடகர் குழு உன்னைத் தொண்டை சரியில்லையென்று துரத்தியபோது நான்தான் பாமாயில் புகட்டிக் குரலைத் திறந்ததையும், குமாசி மைதானத்தில் மின்சாரம் போன பிறகும் உனக்காக ஒலிபெருக்கி தானே பாடியதையும், லண்டன் போலீஸ்காரர்கள் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு ஆடியதையும் சொல்லிக்கிட்டே வந்தேனா, நீ உயிரோட இருக்கங்கிற இடம் வர்றதுக்குள்ள சோப்பு விளம்பரம் போட்டுட்டாங்க.

இப்போது குமாசியிலிருந்து பேருந்து பேருந்தாக ஆள் வருகிறது. காலியான குடும்பத் தலைவர் இருக்கை எனக்கா, என் பங்காளி சர்ப்போங்குக்கா என்று பெரியவர்கள் சனிக்கிழமைதான் முடிவு செய்கிறார்கள். அவன் என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னான்: "பெட்டியத் திறக்கும்போது உள்ள கியாபா இருந்தாருன்னா, வந்த சனம் உன்னையும் அவர் பக்கத்துல படுக்கவச்சு மூடிரும்டா." அம்மா அஃப்ரகோமா, பாதி ஜெபத்தில் இருந்தாலும் எழுந்து வா. சனிக்கிழமை உயிரோடு வந்து நின்று ஒரே ஒரு பாட்டுப் பாடு. இல்லையென்றால் மாமா இந்த ஊரில் தலைகாட்ட முடியாது.

உன் குரலுக்கும் ஆயுளுக்கும் கர்த்தர் காவலாக இருக்கட்டும்.

உன்னை ஆளாக்கிய மாமன்,
பாஃபோ

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில், சனிக்கிழமைவரை காத்திராமல் பெரியவர்கள் வந்தார்கள். "இம்புட்டுப் பெரிய துக்கத்துலயும் வானொலியில குரல் உடையாமப் பேசுன மனுசன்தான் நமக்குத் தலைவன்" என்று முன்னோருக்கென்று மதுவை மண்ணில் ஊற்றி என்னை இருக்கையில் அமர்த்திவிட்டார்கள். ஆகவே தயவுசெய்து வராதே. பெட்டியை மூடியே வைக்கும்படி என் முதல் உத்தரவைப் போட்டாயிற்று. பாட்டுக்கு உன் பழைய ஒலிநாடா போதும், செத்தவளே பாடினால் சனம் இன்னும் நன்றாக அழும். நீ அங்கேயே உபவாசத்தை நீட்டித்துக்கொள். எப்போது உயிர்த்தெழலாம் என்று குடும்பத் தலைவர் பின்னர் அறிவிப்பார்.