தாயத்தைக் கழற்றிவைத்த பாக்ஸ் அண்ணன்

இராமநாதபுரம் சீமையில் வீரத்துக்கு எந்தக் காலத்திலும் பஞ்சம் இருந்ததில்லை. ஆனால் பூதத்தோடு சண்டை போடப் போகும்போது மோதிரம், தாயத்து, கையுறை, கவசம் என்று இருப்பதையெல்லாம் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, வெறும் சட்டையோடு உள்ளே போன ஒரே வீரர் எங்கள் பாக்ஸ் அண்ணன்தான். இதை எந்தச் சபையிலும் அடித்துச் சொல்வேன்.

பூதம் என்றதும் பயந்துவிடாதீர்கள். அது கம்ப்யூட்டருக்கு உள்ளே இருந்தது. பாக்ஸ் அண்ணன் வெளியே இருந்தார். இந்த வித்தியாசம் எங்களுக்குத்தான் பெரிதாகத் தெரிந்ததே தவிர, அவருக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை.

சில வருடங்களுக்கு முன் நான் மருந்துக் கம்பெனி பிரதிநிதியாக இராமநாதபுரத்தில் தோல்பையோடு அலைந்துகொண்டிருந்தேன். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அறைகள். ஒன்றில் நானும் பாம்பன்காரன் ஜெரால்டும். அவன் வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். இவனுக்கு மட்டும் படகில் கால் வைத்தாலே குமட்டும் என்பதால் செல்போன் கடைக்கு வந்துவிட்டான். அடுத்த அறையில் கீழக்கரை சபீர். கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்துபவன். அவனோடு தங்கியிருந்தவர்தான் பாக்ஸ் அண்ணன். முதுகுளத்தூர் பக்கத்து ஆள், நாற்பதைத் தொடப் போகிற பிரம்மச்சாரி. சொந்தப் பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது. வீட்டு ஓனரே கீழே நின்றுகொண்டு “பாக்ஸ் இருக்காராப்பா?” என்றுதான் குரல் கொடுப்பார்.

அவர் தொழில் அப்படி. இறந்தவர்களைக் கிடத்தும் ஃப்ரீசர் பாக்ஸைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு, மாவட்டத்தில் எங்கே இழவு விழுந்தாலும் போய் இறக்கிவைப்பார். பரமக்குடிப் பக்கம் ஒருநாள், பாலம் தாண்டி தங்கச்சிமடத்தில் ஒருநாள், மகன் துபாயிலிருந்து வந்து சேரும்வரை தாயைக் காக்கவைத்த வீட்டில் ஒருநாள். போன் அடித்தால் முதலில் எழுந்து நின்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்வார். பிறகுதான் எடுப்பார். திரும்பி வந்ததும் பின்பக்கக் குழாயடியில் தலையோடு தண்ணீர் ஊற்றிக் குளிக்காமல் முதல் படியில்கூடக் கால் வைக்க மாட்டார். மார்கழிக் குளிரிலும் அதே குளியல்தான்.

இப்படிப்பட்டவர் வீரரான கதை, சபீரின் அண்ணன் துபாயிலிருந்து ஒரு பெரிய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து இறக்கிய ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தது. அதில் ஒரு கேம். வாள், வில், மந்திரம், பனிமலை, பூதம் எல்லாம் உண்டு. சபீர் தன் வீரனுக்கு ஒரு தாயத்தை மாட்டிவிட்டான். திரையின் ஓரத்தில் வில்வித்தை என்பதற்குப் பக்கத்தில் இருந்த எண் சடக்கென்று ஏறியது.

தலை துவட்டிக்கொண்டிருந்த பாக்ஸ் அண்ணன் துண்டைக் கீழே போட்டுவிட்டார்.

“ஏலே சபீரு, இப்ப என்ன செஞ்ச?”

“தாயத்து மாட்டுனேண்ணே. குறி தப்பாம அம்பு விடலாம்.”

“நம்பர் ஏறுச்சே?”

“ஆமா, அந்த அளவுக்குத் திறமை கூடியிருக்குன்னு அர்த்தம்.”

அண்ணன் திரைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். “நம்ம ஊர்ல தாயத்தக் கட்டுனா, வேல செய்யுதா செய்யலையான்னு எவனுக்குத் தெரியும்? இங்கன நம்பரே போட்டுக் காட்டுறாய்ங்கப்பா!”

அந்த வியப்பில் ஒரு ஏக்கமும் இருந்தது. எங்கள் பக்கம் தாயத்துக் கட்டியவர்கள் கேத வீட்டுக்கு, அதாவது இழவு வீட்டுக்கு, போனால் அதைக் கழற்றிவைத்துவிட்டுத்தான் போக வேண்டும். இல்லாவிட்டால் அதன் சக்தி போய்விடும். தினமும் கேத வீட்டுக்கே போகிறவர் எதைக் கட்டி எதைக் கழற்றுவது? அவருக்காக அவர் அம்மா குலசாமி கோயிலில் மந்திரித்து வாங்கிவந்த தாயத்து, வந்த நாளிலிருந்து அறைச் சுவரின் ஆணிக்கு நன்மை செய்துகொண்டிருந்தது.

அன்றைக்கே அண்ணனுக்கென்று ஒரு வீரனைத் தயார் செய்தோம். தொடக்கத்திலேயே கேம் ஒரு கேள்வி கேட்டது. செத்தால் திரும்பப் பிழைக்கிற ஆட்டமா, ஒரே ஒரு உயிரா? ஒரே உயிர் என்றால், செத்த அன்றைக்கு அந்த வீரன், அவன் சேர்த்த சொத்து, கற்ற வித்தை எல்லாம் அழிந்துபோகும், ஒன்றையும் மீட்க முடியாது. சபீர் இதை விளக்கமாகச் சொன்னான்.

“ஒண்ணே போதும்ப்பா. அதுக்கு மேல எவனுக்குக் குடுத்துருக்கு?” என்றார் அண்ணன்.

அதன்பின் அவர் நகைக்கடைக்குள் புகுந்த கல்யாண வீட்டார் ஆகிவிட்டார். குறி தப்பாத தாயத்து, வில்லாளியின் கையுறை, பூனை மாதிரி சத்தமில்லாமல் நடக்கவைக்கும் செருப்பு, பூட்டுத் திறக்கும் சாமர்த்தியம் தரும் பச்சைக்கல் மோதிரம், பேரம் பேசும் திறமையைக் கூட்டும் மாலை என்று ஒன்றையும் விடவில்லை. கடைக்குள் போகுமுன் பேர மாலையைப் போட்டுக்கொள்வார். பேரம் முடிந்ததும் வெளியே வந்து கழற்றிப் பைக்குள் வைப்பார். குதிரை ஏறுவதற்கு ஒரு மோதிரம், இறங்கியதும் வேறு மோதிரம். “அண்ணே, தும்முறதுக்குன்னு தனி மோதிரம் இருக்கான்னு பாருங்க” என்று ஜெரால்டு கிண்டலடித்தபோது, அவர் பையைத் திறந்து நிஜமாகவே தேடினார்.

வம்பு முதல் குகையில் வந்தது. அது ஒரு பழைய கல்லறை. உள்ளே எலும்புக்கூடுகள் எழுந்து வந்து வெட்டும். இதற்காகத்தானே இத்தனை நகையும் என்று நாங்கள் ஆவலோடு பார்த்துக்கொண்டிருக்க, அண்ணன் வாசலில் வீரனை நிறுத்தி ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார். எல்லாவற்றையும் ஒரு பாறைமேல் வைத்தார். மருந்துக் குப்பிகள் இருந்த பையையும் அதன்மேலேயே இறக்கினார்.

“அண்ணே! என்ன செய்றீங்க?” என்று கத்தினான் சபீர்.

“கேத வீட்டுக்குத் தாயத்தோடயா போறது?”

“உள்ள இருக்குறவன் செத்து ஆயிரம் வருசமாச்சுண்ணே!”

“ஆயிரம் வருசமானா உசுரு வந்துருமா? செத்தவன் செத்தவந்தானே தம்பி.”

“சரி, வெளிய வச்சத எவனாச்சும் தூக்கிட்டுப் போயிட்டா?”

“கேத வீட்டு வாசல்ல எவன்ப்பா திருடுவான்?” என்று சொல்லிவிட்டு, கையில் ஒரு சாதாரண வாளோடு உள்ளே போய்விட்டார்.

அங்கே கிடந்த தங்கம், மாணிக்கம், மந்திரக் கத்தி எதையும் தொடவில்லை. இழவு வீட்டிலிருந்து ஒரு பொருளை எடுத்துக்கொண்டு வருவார்களா என்று எங்களையே திருப்பிக் கேட்டார். அடி வாங்கி நொண்டிக்கொண்டு வெளியே வந்த வீரன், பாறைமேல் இருந்த மருந்தைக் குடிக்காமல் நேராக ஆற்றுக்குப் போனான். தலை முழுகிய பிறகுதான் மருந்து. குளிக்கும் முன் பச்சைத்தண்ணீர்கூடப் பல்லில் படக் கூடாது. பனிமலை ஆறு வேறு. இறங்கினால் குளிரிலேயே, மிச்ச உயிரைக் காட்டும் சிவப்புக் கோடு குறையும். அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.

அந்த கேமில் பாதிக்கு மேல் கல்லறைகள்தான். எல்லாவற்றிலும் இதே கூத்து. இந்த மனிதர் ஒரு வாரம் தாங்க மாட்டார் என்று நாங்கள் மூவரும் முடிவுகட்டினோம். இரண்டு வருடம் தாங்கினார். தாங்கினார் என்பதுகூடச் சரியில்லை, ஆண்டார். எலும்புக்கூட்டின் தோள் அசைவதைப் பார்த்தே வாள் எந்தப் பக்கம் வரும் என்று சொல்வார். பூதம் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டதும் ஒதுங்கிவிடுவார். நாங்கள் ஏழு மோதிரம் போட்டும் செத்துச் செத்துப் பிழைத்த இடத்தில், அவருடைய வீரன் வெறும் சட்டையோடு துக்கம் விசாரித்துவிட்டு வந்தான். மோதிரமெல்லாம் வீரனின் திறமையைக் கூட்டின. அவற்றைக் கழற்றிவைத்தது பாக்ஸ் அண்ணனின் திறமையைக் கூட்டிவிட்டது.

கடைசியில் மிஞ்சியது பனிராஜாவின் கல்லறை. அதற்கு மேல் ஆட்டம் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பிரியாணிப் பொட்டலத்தைக்கூடப் பிரிக்காமல் நாங்கள் மூவரும் அவருக்குப் பின்னால் உட்கார்ந்தோம். இரண்டு வருட உழைப்பு, ஒரே உயிர். அன்றைக்கு மட்டும் வீரனின் தாயத்தையாவது போட்டுக்கொண்டு போகும்படி ஜெரால்டு காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். அண்ணன் கேட்டுக்கொண்டே கழற்றிவைத்தார்.

அந்தச் சண்டையை எழுத எனக்குத் தெரியவில்லை. பனிராஜா தூண் உயரம் இருந்தான். கோடாலியைத் தரையில் அடித்தால் திரை முழுக்க ஆடியது. அண்ணனின் முகத்தில் ஒரு சலனம் இல்லை. உதட்டை மட்டும் மடித்துக் கடித்திருந்தார். ஒதுங்கினார், குனிந்தார், ஒரு குத்து, மறுபடி ஒதுங்கினார். சபீர் கண்ணை மூடிக்கொண்டு ஓத ஆரம்பித்தான். ஜெரால்டு சிலுவை போட்டான். ராஜா சரிந்து விழுந்தபோது எங்கள் வீரனிடம் நூல் அளவு உயிர் மிச்சமிருந்தது.

நாங்கள் போட்ட கூச்சலில் கீழே டீக்கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார். ராஜாவின் விரலிலிருந்து ஒரு மோதிரம் உருண்டு வந்தது. எல்லாத் திறமையையும் ஒரே அடியாக உச்சத்துக்குக் கொண்டுபோகிற மோதிரம். மொத்த கேமிலும் அது ஒன்றுதான் உண்டு.

“எடுங்கண்ணே!” என்றோம் மூன்று பேரும் ஒரே குரலில்.

“பொணத்துக் கையில கெடந்ததையா?” என்று அதைத் தாண்டி நடந்தார்.

போகட்டும், ஜெயித்தாகிவிட்டது என்று மனதைத் தேற்றிக்கொண்டோம். குகையை விட்டு வெளியே வந்தவர் பாறைப் பக்கம் போகாமல் ஆற்றுப் பக்கம் திரும்பினார். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. நூலளவு உயிரோடு அந்தத் தண்ணீரில் இறங்கினால் அவ்வளவுதான்.

“யா அல்லா! மொதல்ல மருந்தக் குடிங்கண்ணே!”

“குளிக்காமயா?”

“செத்துருவான்ண்ணே! ரெண்டு வருசம்ண்ணே!”

அண்ணனின் கை நின்றது. அவருக்குத் தெரியாமல் இல்லை. திரையில் நிற்கும் வீரனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெரால்டு அந்த நேரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு வழி சொன்னான்.

“கால மட்டும் கழுவிக்கிட்டு வந்துருங்கண்ணே. தூரத்துச் சொந்தம்னா எங்க தெருவுல அப்படித்தான் செய்வாய்ங்க.”

அண்ணன் அதை நியாயமாகவே யோசித்துப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

“கொன்னதே நாந்தானப்பா. தூரத்துச் சொந்தம்னு எந்த வாயால சொல்றது?”

வீரன் ஆற்றில் இறங்கினான். தலை முழுகினான். சிவப்புக் கோடு அணைந்தது. திரை கறுப்பானது.

அண்ணன், “சுத்தபத்தமாத்தான் போயிருக்கான்” என்றார். எழுந்து கீழே போனார். குழாயடியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. தன் வீரனுக்காகத் தலை முழுகிக்கொண்டிருக்கிறார் என்று புரிந்தபோது, சிரிப்பதற்காகத் திறந்த என் வாய் அப்படியே நின்றுவிட்டது.

ஈரத் தலையோடு வந்து உட்கார்ந்தவர், சபீரிடம், “மொதல்லருந்து ஆரம்பிச்சுக் குடுப்பா” என்றார். புது வீரன் வந்தான். கையில் மோதிரம் இல்லை, காலில் செருப்பு இல்லை. ஊர் வாசலில் போய் நின்றான். காவல்காரன் கையை விரித்து ஆங்கிலத்தில் ஏதோ சொன்னான். அண்ணனின் முகம் மலர்ந்துவிட்டது.

எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை. “எப்படிண்ணே மனசு வருது? அத்தனையும் போச்சே!”

“போகட்டும்ப்பா. இந்தக் காவக்காரன் என்ன சொல்றான்னு சபீரு அன்னைக்குச் சொன்னான். வாங்க வீரரே, உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கோம்ங்கிறானாம். மொத மொதல்ல வாரவனுக்கு மட்டுந்தான் சொல்றான். அதுக்கப்பறம் எத்தன தடவ போய் நின்னாலும் பேசாமத்தான் இருக்கான். ரெண்டு வருசமாச்சு கேட்டு.”

சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அது சாதாரணமாகப் படவில்லை. கேத வீட்டுக்கு வந்தவரை வாங்க என்று கூப்பிட மாட்டார்கள். புறப்படும்போது போயிட்டு வாரேன் என்று அவரும் சொல்லக் கூடாது. அந்த மனிதர் தினமும் போகிற வாசல் எல்லாமே அப்படிப்பட்ட வாசல்கள்தான்.

மறுநாள் சாயங்காலம் மண்டபம் பக்கம் ஒரு வீட்டிலிருந்து பாக்ஸைத் திருப்பி ஏற்றிக்கொண்டு வந்தார். குளித்துவிட்டுத் தலையைத் துவட்டியபடி படியேறினார். மாடிப்படியின் உச்சியில் நானும் ஜெரால்டும் சபீரும் நின்றுகொண்டிருந்தோம்.

“வாங்கண்ணே” என்றோம்.

பாக்ஸ் அண்ணன் தனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார்.

“உங்களத்தாண்ணே” என்று அவருடைய ஈரக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன்.